தாஜ் அக்காவின் சோம்புப் பாத்தி

நம் தீவுகளில் ஒன்றான லாங் ஐலண்டில் ஆபீஸ் வேலையாக இருந்தபோது செய்தி வந்தது. புரோத்ராபூரில் மெஸ் நடத்திய தாஜ் அக்கா போய்விட்டார். மறுநாள் படகு பிடித்து நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது, சொல்லாமல் போன அக்கா மேலும்கூட.

அவர் கையால் சாப்பிட்ட உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மெயின்லேண்டிலிருந்து சரக்குக் கப்பல் தாமதமானால் நாமெல்லாம் சோம்பில்லாத குழம்பை முணுமுணுத்தபடி சாப்பிடுவோம். அக்கா மெஸ்ஸுக்குப் பின்னால் சோம்பையே விதைத்தார். இந்த மழைக்கு அழுகிவிடும் என்று நான் உட்பட எல்லோரும் சிரித்தோம். முதல் பாத்தி அழுகத்தான் செய்தது. அடுத்த முறை மண்ணை மேடாக்கி, மேலே தார்ப்பாய் கட்டினார். விதை என்னவோ கைப்பிடிதான் கிடைத்தது. ஆனால் தழை பருப்பில் விழுந்தது. பருத்த அடித்தண்டை மெல்லிசாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, பொரித்த மீனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"விதைக்கு மட்டுமா செடி? மொத்தத்தையும் திங்கலாம்" என்றார்.

அந்த இடத்தில் சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்த விடப் போவதாகக் கட்டிட உரிமையாளர் கிளம்பினார். நம் காண்ட்ராக்டர்தான், பேச்சில் அவரை மடக்க ஆள் கிடையாது. அக்கா அவரை உட்காரவைத்து, சோறு போட்டுவிட்டுச் சொன்னார்: "பூ வர்ற நேரம்ண்ணே. விதை எடுத்துக்கறேன், பாத்மே பேசிக்கலாம்."

சரி, பிறகே பேசலாம் என்று போனவர் திரும்பி வந்தபோது வேறொரு வரிசை பூக்கத் தயாராக இருந்தது. ஒரு வரிசை பூப்பதற்குள் அடுத்தது முளைத்திருக்கும்படி அக்கா விதைத்துக்கொண்டே இருந்தார். அதே பதில், அதே சோறு. இந்தத் தந்திரம் அவருக்குப் புரிவதற்குள் சோம்புத் தழைப் பருப்புக்கு அவரும் அடிமையாகிவிட்டார்.

போன வாரம் காண்ட்ராக்டர் அளவு நாடாவோடு வந்தார். அக்காவின் மகள் மெஸ்ஸை மறுபடி திறந்திருந்தாள். அம்மாவே இல்லாதபோது பாத்தி எதற்கு என்று அவளிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கைப்பிடி விதையும் அந்தப் பதிலும். பழைய செடிகள் காய்ந்துபோன பாத்தியில் விதையை முந்தின நாள்தான் ஊன்றியிருந்தேன். ஒன்றுமே முளைக்காத மண்ணைக் காட்டிச் சொன்னேன்:

"பூ வர்ற நேரம்ண்ணே. பாத்மே பேசிக்கலாம்."

அவர் மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.