விளக்கின் மேல் வைத்த பொட்டு

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா, கிடைத்துச் சில வருடங்கள் ஆகியும் எங்கள் முதலாளி வெள்ளைக்காரன் காலத்து பஸ்ஸைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். காஜா பேராங்கில் அவருடைய பட்டறையில் நான் மெக்கானிக். பிரேக்குக்குப் போகும் காற்று குறைந்தால் டிரைவர் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். காற்றின் அளவைக் காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. அந்த விளக்கு ஒன்றுதான் துணை.

விளக்கு அடிக்கடி எரிகிறது என்று பஸ்ஸைக் கொண்டுவந்தார் டிரைவர். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலேயே இருக்கும் செட்டி வீட்டுக்காரர்; கும்பிடுவது நம் சாமி, வீட்டில் பேசுவது மலாய். தமிழ் எங்களோடு பழகிக் கற்றுக்கொண்டது. மற்ற டிரைவர்கள் என்றால், "சனியன், விளக்கு கெட்டுப்போச்சு" என்று பல்பைக் கழற்றி எறியச் சொல்வார்கள். இவர் அப்படியில்லை. "விளக்கு சும்மா எரியாது தம்பி, நல்லா பாரு" என்றார்.

பார்த்தேன். பல்ப் சரி, ஒயர் சரி, சுவிட்சும் சரி. கடைசியில் காற்றுக் குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவினேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் குழாய் புசுபுசுவென்று நுரை விட்டது. வெடித்த முனையை வெட்டி, இறுக்கிக் கட்டினேன். விளக்கு அணைந்தது. புதுக் குழாய் வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். "பூசை முடியட்டும்யா" என்றார். அன்று ஆயுத பூசை.

சாயங்காலம் எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான். ஸ்டியரிங்குக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. கை போன வேகத்தில் சிவப்பு விளக்கின் மேலும் கனமாக ஒரு அப்பு அப்பிவிட்டேன்.

"லம்பு மேலேயுமா வெச்சே தம்பி? துடைச்சிடவா?" என்று கேட்டார் டிரைவர்.

"ஐயோ, பூசைப் பொட்டைத் துடைப்பாங்களாண்ணே? தானா உதிரட்டும், விடுங்க!"

சாமி விஷயத்தில் நான் சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

மறுநாள் காலையில் நான் கட்டிய இடத்தில் மறுபடி காற்று கசிந்து, பண்டார் ஹிலிர் பக்கம் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்துப் போன திரிஷாக்காரர் மேல் பஸ் மோதி, அவர் அங்கேயே செத்துப்போனார். தகவல் வந்து நான் ஓடியபோது டிரைவரைப் போலீஸ் ஓரமாக உட்காரவைத்திருந்தது. இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லை. பஸ்ஸுக்குள் ஏறினேன். சாவி திருகியபடியே இருந்தது. காய்ந்த சந்தனத்தின் ஓரத்தில் நூல் போலச் சிவப்பு வெளிச்சம். விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. வழி முழுக்கவும் எரிந்திருக்கும், பாவி நான்! கட்டை விரலால் வழித்துக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். கண்ணாடியில் இருந்த பொட்டைத் தொடவில்லையே.

இன்ஸ்பெக்டர் வந்தார், விளக்கைப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது. இது எரிந்தும் ஏன் ஓட்டினாய் என்று கேட்டார். "லம்பு தெரியலை துவான், சும்பா, சத்தியமா! மேலே சந்தனம் இருந்துச்சு" என்று டிரைவர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். என்னைக் கைகாட்டி, "இவனைக் கேளுங்க, இவன்தான் வெச்சான்" என்றார்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடியிலதான் வெச்சேன் துவான். விளக்கில வெக்கலை."

போலீஸ்காரர் கையைப் பிடித்ததும் டிரைவர் எழுந்து கூடவே போனார்.

அவருக்கு ஜெயில். லைசென்சும் போனது. வெளியே வந்தபின் உஜோங் பாசிரில் மீன் கூடை தூக்கினார். முதலாளி அதற்குள் குழாயை மாற்றி, அதே பஸ்ஸை வேறு ஆளிடம் கொடுத்திருந்தார்.

ஒருநாள் அந்தப் பழைய டிரைவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். கிட்டே வந்து, யாருக்கும் கேட்காதபடி பேசினார்.

"தம்பி, அந்தப் பொட்டு இருந்துச்சுதானே? என் பொண்டாட்டிகூட நம்பலை. ஜெயில்ல நெனச்சு நெனச்சு, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நான்தான் லம்பைப் பாக்காம ஓட்டிட்டேனா?"

இருந்தது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பக்கத்தில் ஆள்கூட இல்லை.

"ஞாபகம் இல்லேண்ணே" என்றேன்.

"சரி தம்பி. அப்ப நான்தான்" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.