குப்பைமேனி வேர்

கோயம்புத்தூரில் வளர்ப்புப் பிராணிகளுக்கான கடை ஒன்றில் போன மாதம் கேட்னிப் என்ற காய்ந்த இலைப் பொட்டலத்தைப் பார்த்தேன். வெளிநாட்டுச் செடியாம். அதை மோந்தால் பூனை சொக்கிப்போய் உருளும், கொஞ்ச நேரத்தில் தானாகத் தெளிந்துவிடும் என்றார் கடைக்காரர். மனிதர் மோந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாது என்று சிரித்தார். எனக்கு அந்த விஷயத்தில் எட்டு வயதிலிருந்தே வேறு அபிப்பிராயம் உண்டு.

எங்கள் ஊர் பரமத்தி வேலூர் பக்கம். வெற்றிலைக் கொடிக்கால் வரப்பில் குப்பைமேனி கேட்பாரில்லாமல் முளைத்துக் கிடக்கும். எனக்குச் சொறி வந்தால் அம்மா அதன் இலையை உப்பும் மஞ்சளும் வைத்து அரைத்துத் தடவுவாள். வேரைக் கிள்ளி வாசலில் எறிந்துவிடுவாள். அப்படி எறிந்த ஒரு வேரில்தான் எங்கள் வெள்ளைப் பூனை மானம் மரியாதையை விட்டுப் புரள்வதைப் பார்த்தேன். கன்னத்தைத் தேய்த்தது, எச்சில் வடித்தது, நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. இலையை நீட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் குட்டியிடம் வேரைக் கொண்டுபோனேன். அது வேரை விட்டுவிட்டு என் விரலைக் கடித்தது.

என் ஆராய்ச்சியை மதித்தவள் அத்தை ஒருத்திதான். அப்பாவின் தங்கை. கல்லூரி முடித்து, மேலே படிக்கச் சேலத்தில் இடம் பார்த்து வைத்திருந்தாள். அப்பா திருச்செங்கோட்டுப் பக்கம் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்த வசதியான குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. அத்தை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், சாப்பிடாமலும் இருந்து பார்த்தாள். அப்பா அசையவில்லை.

"அவிய ஊட்டுப் பெரியவரு சகுனம் பாக்காம ஒரு காரியத்துலயும் எறங்க மாட்டாரு. பூன குறுக்க போச்சுன்னு பஸ்ஸ உட்டு எறங்கித் திரும்பி வந்த மனுசன். அப்பேர்ப்பட்ட குடும்பம் நமக்கு வாய்க்கோணுமே!" என்று இரவுச் சாப்பாட்டின்போது பெருமையாகச் சொன்னார். அன்றைக்குத்தான் அத்தை ரசத்துக்கு இரண்டாவது முறை சோறு கேட்டாள்.

மறுநாள் காலையில் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அம்முணி, அந்த வேர எனக்குங் காட்டு."

புதிதாக ஒரு செடியைப் பிடுங்கிக் கொடுத்தேன். இருவரும் மோந்து பார்த்தோம். மண்வாசமும் பச்சை வாசமும்தான் வந்தது. நான் ஒரு துணுக்கைக் கடித்தும் பார்த்தேன், கசந்தது. உருளத் தோன்றுகிறதா என்று அத்தையைக் கேட்டேன்.

"எனக்கொண்ணுந் தோணலியே சாமி. உனக்கு?"

எனக்கும் தோன்றவில்லை. இது பூனைக்கு மட்டும்தான் என்று முடிவு கட்டினோம்.

அதன் பிறகு அத்தை கேட்ட கேள்விகள் என்னை மலைக்க வைத்தன. எவ்வளவு தூரத்திலிருந்து பூனைக்கு வாசம் தெரியும்? வாடின வேருக்கும் வருமா? நடுவில் ஆள் நின்றால் பயப்படுமா? இத்தனை அறிவான கேள்விகளை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. வாசலில் நுழைந்து வீட்டுக்கு வரும் பாதைக்கு ஒரு பக்கம் மாட்டுத் தீவன அறை, மறுபக்கம் முருங்கை மரம். பூனையை அறையில் அடைத்து, மரத்தடியில் வேரைக் கசக்கிப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தோம். நேராக ஓடியது. நடுவில் நான் நின்றபோதும் என் காலை உரசிக்கொண்டு ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகச் சமையலறையில் நின்றாள்.

"காரு வந்து ஆளுக எறங்குனதும் தீவன ரூம்புக் கதவத் தொறந்து உடு கண்ணு. பாவம், பூன இருட்டுக்குள்ள கெடக்குது" என்றாள்.

பூனையை யார் அடைத்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கார் வந்தது. வெள்ளை வேட்டிப் பெரியவர் முதலில் இறங்கி, வாசலுக்குள் வலது காலை எடுத்து வைத்தார். நான் கதவைத் திறந்தேன். பூனை அவருக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து, மரத்தடியில் விழுந்து புரண்டது. அத்தனை பேரைப் பார்த்தும் அது கொஞ்சம்கூடத் தயங்கவில்லை! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கை தட்டினேன். வேறு யாரும் பூனையைப் பாராட்டவில்லை. பெரியவர் வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

"ஒரு வாய்த் தண்ணியாச்சும் குடிச்சுட்டுப் போலாமுங்க" என்று அப்பா கார்க் கதவு வரை கெஞ்சிக்கொண்டே போனார். மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கவே இல்லை.

அவர்கள் இன்னொரு நாளும் வரவில்லை. ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் கல்யாணப் பேச்சு கிடையாது. அதற்குள் சேலத்தில் கல்லூரி திறந்து அத்தையும் போய்விட்டாள்.

ஆனால் எனக்கு முக்கியம் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம்தான். அப்பா வாட்டமாகக் கொடிக்காலுக்குப் போன பிறகு அம்மா முருங்கை மரத்தடியைக் கூட்டினாள். வேர் அகப்பட்டது. அதைப் பார்த்தாள், தீவன அறைக் கதவைப் பார்த்தாள். எறியாமல் உள்ளே கொண்டுபோய் அத்தையின் கையில் வைத்தாள்.

அத்தை அதை மூக்கருகே கொண்டுபோனாள். அவ்வளவுதான். கட்டிலில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பட்டுப்புடவை கசங்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது. அம்மா மோந்துகூடப் பார்க்கவில்லை. கையால் தொட்டதற்கே, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். நாங்கள் கட்டிய முடிவு தவறு என்று புரிந்தது. அந்த வேர் மனிதருக்கும் வேலை செய்யத்தான் செய்கிறது, பூனைக்குப் போல உடனே இல்லை, நாள் பிடிக்கிறது. எனக்கு எப்போது வரும் என்று கட்டில் ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தேன்.