லூர்து அக்காவின் பெரட்டு

கடையைத் திறந்து முதல் ஆட்டைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தபோது குணா கூப்பிட்டான். குணா என் லோரி ஓட்டுநர். ஏழாங்கட்டைத் தோட்டத்தில் இருக்கும் என் ஆடுகளுக்குத் தீவனம் கொண்டுபோயிருந்தான்.

"அண்ணே, லூர்து அக்கா எந்திரிக்கல. ஜன்னல்ல பாத்தேன், தரையில கெடக்குறாங்க. உள்ள போவ முடியல. நாலு நாயும் வாசல்ல நிக்குது."

"பேரச் சொல்லிக் கூப்பிடுலா. உன்னத் தெரியுமில்ல."

"தெரியும்ணே. தெரிஞ்சுதான் நிக்குதுங்க."

ஈப்போவில் என் கடை இருக்கும் புந்தோங்கிலிருந்து அங்கே போய்ச் சேரும்வரை, அவர் மயங்கித்தான் கிடக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். ஜன்னலில் எட்டிப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

லூர்து அக்காவைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கணவரும் போய்ச் சேர்ந்தார். அக்கா மட்டும் கடைசி வீட்டில் நாய்களோடு தங்கிவிட்டார். நான் ஆட்டு வியாபாரி. என் கொட்டகையில் பாதி ஆட்டைத் திருடன் கொண்டுபோனான், மீதியை மலைப்பாம்பு விழுங்கியது. காவலுக்கு நல்ல நாய் கேட்டுத்தான் அவரிடம் முதலில் போனேன். விலையும் நன்றாகவே சொன்னேன்.

"நாய விக்கிறதில்ல தவுக்கே. வேணும்னா ஆட்ட இங்க கொண்டாந்து விடுங்க" என்றார். முதலாளி என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு தவுக்கே. அவர் வாயில் அது எப்போதும் கிண்டல்தான். யோசித்துப் பார்த்தேன், கணக்குச் சரியாக வந்தது. ஆடுகளைக் கொண்டுபோய் விட்டேன். அப்படித்தான் நாங்கள் கூட்டாளிகள் ஆனோம்.

நாய்க்குட்டி எடுக்கப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போவார். லோரி என்னுடையது அல்லவா. முதலில் தாயைத்தான் பார்ப்பார். குட்டியைத் தூக்கும்போது ஊரைக் கூட்டும் தாயும் ஆகாது, வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் தாயும் ஆகாது. சத்தமில்லாமல் பின்னாலேயே வரும் தாய் வேண்டும். பிறகு குட்டிகளை ஒவ்வொன்றாகச் செம்பனைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். என்னையும் ஒளியச் சொல்வார். இந்தத் தொப்பையை எந்த மரத்துக்குப் பின்னால் மறைப்பது என்று கேட்டால், "மூச்ச இழுத்துப் புடிங்க தவுக்கே" என்பார். "அழுவுறது வீட்டுக்கு, ஓடுறது ரோட்டுக்கு. மோந்துகிட்டு நம்மளத் தேடி வருது பாருங்க, அதான் எனக்கு."

பழக்குவதில் அவர் கொஞ்சமும் இரக்கம் காட்டமாட்டார். அடிக்கமாட்டார், ஆனால் விடமாட்டார். அவர் கையால் வைத்து, அவர் வாயால் "தின்னுங்கடா" என்று சொன்னால் ஒழிய எதையும் தொடக் கூடாது. அதற்கு நான்தான் சோதனை ஆள். பொரித்த மீனைக் காட்டிக் கெஞ்சிக் கூப்பிடுவேன். எச்சில் ஒழுகும், ஒன்றும் நகராது. பாவமாக இருக்கிறதே அக்கா என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆடு திருட வர்றவன் கம்ப எடுத்துக்கிட்டா வருவான்? கறியோட வருவான். சிரிச்சிக்கிட்டே வருவான், உங்கள மாதிரி." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏற்கெனவே ஒண்ண வெசம் வச்சிக் கொன்னானுங்க. என் மடியிலதான் செத்துச்சி" என்றார். அதன்பின் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தோட்டத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். மனிதர்களின் பெரட்டு நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. அக்கா நாய்களுக்கு அதை விடாமல் நடத்தினார். வாசல் மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை யார் தட்டினாலும் நாய்கள் எங்கிருந்தாலும் ஓடிவந்து வரிசையில் நிற்கவேண்டும். கலைப்பது மட்டும் அவர் குரலில் வரும் "தின்னுங்கடா"தான். அவர் ஈப்போவுக்கு வந்திருக்கும் நாளில் குணா தட்டுவான், அவர் கைப்பேசியில் கேட்பார்: "மண்டோர் வந்தாச்சா? கிராணி? ஆயா? தபாலு எங்க, இன்னும் ஊரச் சுத்திக்கிட்டிருக்கா?" ஆட்களை மேய்க்கும் மண்டோர், கணக்கு எழுதும் கிராணி என்று தோட்டத்து உத்தியோகம் எல்லாவற்றையும் நாய்களுக்குக் கொடுத்துவிட்டார். "கிராணின்னு பேரு வச்சதுலேருந்து அது வேலையே செய்யிறதில்ல லா" என்று குறைப்பட்டுக்கொள்வார்.

தோட்டம் கைமாறியது. லயத்தை இடிக்கப் போவதாகச் சொன்னார்கள். ஈப்போவில் ஓர் அடுக்குமாடி வீடு பார்த்துத் தருகிறேன் என்றேன். "நாலு பேருக்கும் எடம் இருக்கா?" என்று கேட்டார். அங்கே நாய் வளர்க்க விடமாட்டார்கள் என்றேன். "அப்ப இவங்களுக்கு ஒரு வழி பாத்துட்டு வாரேன்" என்றார். அந்த வழி கிடைப்பதற்குள் இப்படி ஆகிவிட்டது.

அன்று நாய்கள் என்னையும் உள்ளே விடவில்லை. மண்டோர் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது, ஆட்டிக்கொண்டே பல்லைக் காட்டியது. ஆம்புலன்சில் வந்தவர்களில் ஒருவர், நாய் பிடிப்பவர்களை வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னபோதுதான், பதற்றத்தில் எனக்கும் குணாவுக்கும் தோன்றாத தண்டவாளம் நினைவுக்கு வந்தது; போய்த் தட்டினேன்.

நான்கும் வாசலை விட்டு இறங்கி மரத்தடியில் வரிசையாக நின்றன. நாங்கள் உள்ளே போனோம். அக்காவை அவற்றின் முன்னால்தான் தூக்கிக்கொண்டு வந்தோம். ஒன்றும் அசையவில்லை. பெரட்டில் நிற்பவர் அசையக் கூடாது. மூக்குகள் மட்டும் எங்கள் பக்கம் திரும்பின. என்னால் நிறுத்த முடிந்தது. கலைக்க முடியவில்லை. "தின்னுங்கடா" என்று நானும் சொன்னேன், குணாவும் சொன்னான். அடக்கம் முடிந்து திரும்பி வந்தபோதும் நான்கும் அதே வரிசையில் படுத்திருந்தன. வைத்த சோற்றில் எறும்பு ஏறியிருந்தது.

வார இறுதிக்குள் வீட்டை இடிக்கப்போகிறோம், நாய்களைப் பிடிக்க லோரி வரும் என்று தோட்டத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். என் கைப்பேசியில் அக்காவின் குரல்பதிவு ஒன்று இருந்தது. தீவனம் தாமதமானதற்கு என்னைத் திட்டிக்கொண்டே நடுவில் நாய்களுக்குச் சோறு வைக்கிறார்.

"அண்ணே, வேணாம்ணே" என்றான் குணா.

"பட்டினில சாவுதுங்கடா. வேற என்ன செய்யச் சொல்ற?"

சத்தத்தைக் கூட்டி வைத்தேன். "தின்னுங்கடா, ராசா" என்றது அக்காவின் குரல். நான்கும் துள்ளி எழுந்தன. சோற்றை மிதித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடின. கட்டிலுக்கு அடியில், குளியலறையில், அடுப்படியில் எல்லாம் தேடின. தபால் திரும்பி வந்து என் கையை மோந்தது, கைப்பேசியை மோந்தது, பிறகு செம்பனைக்குள் பாய்ந்து போய்விட்டது. மற்ற மூன்றும் வரிசைக்கு வந்தன, தபாலின் இடத்தை விட்டுவிட்டுப் படுத்தன. அன்றைக்கு நான் குணாவின் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.

மூன்றையும் என் லோரியில் ஏற்றப் பார்த்தோம். கிராணி குணாவின் கையைக் கடித்துவிட்டது. கடைசியில் வேறு வழி தெரியாமல் ஆட்டுக் கொட்டகையைத் திறந்து, ஆடுகளைச் சாலையோரமாக ஓட்டிக்கொண்டு நடந்தோம். தெரிந்தவர் ஒருவரின் காலிக் கோழிக் கொட்டகை வரைக்கும் அப்படியே போவதாக எண்ணம். ஆடுகள் வளைவைத் தாண்டும்போது ஆயா எழுந்தது. பிறகு மண்டோர், கடைசியாகக் கிராணி. ஆளுக்கொரு பக்கமாக வந்து சேர்ந்துகொண்டன. என்மேல் பாசத்தினால் அல்ல. ஆடு வெளியே போகிறது, அதனால் அவற்றுக்கு வேலை இருக்கிறது. நடக்கக்கூடத் தெம்பில்லாமல் அந்த வேலையைச் செய்தன.

இப்போது மூன்றும் புது இடத்தில் இருக்கின்றன. ஆயா தண்ணீர் குடிக்கிறது. மண்டோரும் கிராணியும் அதுகூட இல்லை. கால்நடை மருத்துவர் ஊசியில் சத்து ஏற்றுகிறார், ஆனால் எதையும் உறுதியாகச் சொல்ல மறுக்கிறார். லயத்தை இடித்து முடித்துவிட்டார்கள்.

லூர்து அக்கா, உங்கள் கல்லறைக்கு இன்னும் ஒரு பூ கொண்டுவரவில்லை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளிச்சம் இருக்கும் நேரமெல்லாம் தபாலைத் தேடவே போய்விடுகிறது. நேற்று ஓடைக்கரை ஈர மண்ணில் அதன் தடத்தைப் பார்த்தேன். மூன்று கால்கள் மட்டும்தான் பதிந்திருக்கின்றன. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது.

நீங்கள் போய் வாருங்கள், அக்கா. நான் ஓடைப் பக்கம் போகிறேன்.