நாற்பத்திரண்டாவது துண்டு

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அந்தத் திறமை எனக்குக் கிடையாது. ஜனவரி 19, பிஷ்கெக் நகரம். அந்த ராத்திரியின் கணக்குத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு ராத்திரி வேலைதான் கிடைக்கும். பனிச்சரிவு எச்சரிக்கைக்காக ஒரு மலைக் கணவாயில் ஆன்டெனா நட்டிருந்தார்கள். அதே ஆன்டெனாவைக் கணினியில் நாற்பத்தொரு துண்டுகளாகப் பிரித்து வைத்திருந்தோம். ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்று கணினி விடியவிடியக் கணக்குப் போடும். அதற்கு நான் காவல். மலைமேல் நிஜ ஆன்டெனாவுக்கு என் நண்பன் கெனெஷ் காவல். கம்பத்திலிருந்து பன்னிரண்டு மீட்டரில் அவன் அறை. மே மாதம் பாதை திறக்கும்வரை அங்கே அவன் ஒருவன்தான்.

1:10. முதல் கணக்கு முடிந்தது. தாளில் நாற்பத்திரண்டு வரிகள்.

கடைசித் துண்டு எதோடும் ஒட்டவில்லை. தரையில் தனியாக, நேராக நின்றது. உயரம் 1.74 மீட்டர். கம்பத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி. யாரோ தப்பாகச் சேர்த்திருப்பார்கள். அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

2:02. மறுபடியும் நாற்பத்திரண்டு. அதே உயரம். ஆனால் ஆறு மீட்டர்... அறை இருக்கும் பக்கம்.

கணினிக்கு நான் கொடுத்த பட்டியலைத் திறந்து எண்ணினேன். நாற்பத்தொன்றுதான்.

2:54. ஒன்பது மீட்டர்.

கெனெஷை அழைத்தேன்.

"என்னடா, இந்நேரத்துல?"

"வெளியே யாராவது இருக்காங்களா?"

"வந்தா டீ போட்டுக் குடுப்பேன். சீட்டாட ஆளில்லாம செத்துட்டு இருக்கேன்."

"கதவைத் தாழ் போடு."

"காலேஜை விட்டு ஓடினவன் எனக்குப் புத்தி சொல்றான். போய் கம்ப்யூட்டரைத் தூங்க வை, போ." சிரித்தான். வைத்துவிட்டான்.

3:46.

நாற்பத்தொன்று.

வேறு எதுவும் இல்லை.

எனக்கு நிம்மதி வரவில்லை. பன்னிரண்டாவது மீட்டரில் அவன் கதவு...

காலையில் கெனெஷ் நன்றாகத்தான் பேசினான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இந்த வேலையும் போகும். நாற்பத்தொரு வரி இருந்த தாளை மட்டும் அலுவலகத்தில் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, கம்பத்தைச் சுற்றி முப்பத்தாறு இடங்களில் நின்று அலையின் பலத்தை அளந்து அனுப்பினான் கெனெஷ். எங்கள் பொறியாளர் புருல்சா எஜே (அக்காவை இங்கே எஜே என்போம்) அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"உன் கணக்கு சரிதான். அவன்தான் சொதப்பிட்டான். முப்பத்தாறு இடத்துலயும் பலம் உன் கணக்கைவிட ஒரே அளவு குறையுது."

"மீட்டர் கோளாறா, எஜே?"

"மீட்டரைச் சோதிச்சாச்சு. கம்பத்துக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு ஆள் நின்னா இப்படித்தான் குறையும். அவன் நகர நகர அந்த ஆளும் கூடவே நகர்ந்திருக்கான். உதவிக்கு யாரைக் கூட்டிட்டுப் போனான்? தள்ளி நிக்கச் சொல்லு."

இன்று பிப்ரவரி 11. பாதை திறக்க இன்னும் மூன்று மாதம்.