இடது கீழ் மூலை

எங்கள் பிறப்புச் சான்றிதழ் அலுவலகத்தில் அக்கா என்றால் ஒருவர்தான். முதல் கவுண்டரில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து தட்டச்சு செய்தவர். சாம்பல் நிறப் பட்டையும் குண்டுகுண்டான பொத்தான்களுமாக இருந்த பழைய கம்ப்யூட்டர் திரையை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. கூடவே அவர் கைதான் நினைவுக்கு வருகிறது. மவுஸை இடது கீழ் மூலைக்கு ஒரே தள்ளு, ஒரு க்ளிக், நாலு விசை, படிவம் திறந்துவிடும். குழந்தையின் பெயரைப் பெற்றோரையே வாயால் சொல்லச் சொல்வார், திருப்பிச் சொல்லிக் காட்டுவார், அச்சிட்ட தாளை அவர்களையே படித்துப் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார். மரியாதை தெரிந்தவர் என்று எல்லோரும் மெச்சினோம்.

நான் அங்கே கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவன். ஆறு வருடமாக அவருக்குப் பக்கத்து மேசை. புதுசு என்றால் எனக்குப் பைத்தியம். பிளாப்பியையே பார்க்காத பிள்ளைகள் வேலைக்கு வந்தாச்சு, சேமிக்கிற பொத்தானில் இன்னும் பிளாப்பி படம் எதற்கு என்று டீ நேரத்தில் வாதாடுவேன்.

"செத்துப்போன மாமனார் படத்தை யாராச்சும் கழட்டிப் போடுவாங்களா?" என்று அக்கா மடக்குவார்.

ஒரு திங்கட்கிழமை எல்லா மெஷினிலும் கம்ப்யூட்டர் மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றினேன். மெனுப் பட்டை போச்சு. மூலையில் இருந்த பொத்தான் நடுவுக்கு வந்தது. மத்தியானத்துக்குள் நாற்பது சான்றிதழ் கொடுக்கிற அக்கா அன்று கொடுத்தது நாலே நாலு. வரிசை வாசலைத் தாண்டியது. அவர் ஓய்வுபெறப் பதினோரு மாதம்தான் பாக்கி. பழக முடியாவிட்டால் இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மேலாளர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நடுவுல பெருசாத்தானே இருக்கு, பாருங்கக்கா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நடுவுலதான் எனக்குப் பார்வையே இல்ல தம்பி. எட்டு வருஷமாச்சு. ஓரம் மட்டுந்தான் தெரியும். மூலைன்னா பார்க்கவே வேணாம், தள்ளினா அம்புக்குறி போய் முட்டிக்கிட்டு நிக்கும்."

செருப்பால் அடித்தாற்போல இருந்தது. அன்றைக்கே அவர் மெஷினில் மட்டும் பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றினேன். பிரின்டருக்குப் புதுசு ஒத்துவரவில்லை என்று மேலாளரிடம் வாய் கூசாமல் புளுகினேன். அக்கா மவுஸைத் தள்ளினார். படிவம் திறந்தது. அடுத்த ஆளைக் கூப்பிடும் முன் என் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"உன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்ல தம்பி."

"பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்லக்கா."

அவர் சிரித்துவிட்டார். என்னால்தான் முடியவில்லை.