ஐசக் புரோதரோ வாங்கிய குழி

ஹைடன் புரோதரோ செத்து இரண்டு வருஷமாகிறது என்பது நெஸ்டாவுக்கு அவள் நாத்தனார் சொன்ன தகவல். நாத்தனாருக்குச் சொன்னது நாட்டிங்காம் பக்கம் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு ஆள், பெயர் நினைவில்லை. திங்கட்கிழமை காலை, நூலகத்தின் பின்னறையில் டீக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் நெஸ்டா இதைச் சொல்லி முடித்துவிட்டாள்.

மைர்வென் பேனன் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. இருபது வருஷமாக மற்றவர்களின் தாத்தாக்களைத் தேடிக் கொடுக்கிறவள். ஒருவர் செத்தார் என்று மூன்று பேர் சொன்னாலும் அவளுக்கு அது செய்தி இல்லை. ஒரு தாள் வேண்டும். மற்ற நாளாக இருந்தால் ஹைடன் இருந்தாலென்ன, போனாலென்ன என்று விட்டிருப்பாள். இந்த வாரம் அவன் உயிரோடு இருந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அவன் கையெழுத்து தேவைப்பட்டது.

அவள் தம்பி எல்ஃபெட் ஒன்பது நாளுக்கு முன் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தான். நுரையீரல் முழுக்க நிலக்கரித் தூசி. கும்கெரிக் சுரங்க ஊரில் அவன் வயது ஆண்கள் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள், யாரும் அதை வியாதி என்றுகூடச் சொல்வதில்லை, நெஞ்சு என்பார்கள். இருபத்திரண்டு வயதில் சுரங்கத்துக்குள் வாயு பற்றி அவன் இடது கையும் கழுத்தும் வெந்துபோயின. அதிலிருந்து தீ என்றால் ஆகாது. அடுப்பைக்கூட மைர்வென்தான் பற்றவைக்க வேண்டும். கடைசி வாரத்தில் மூச்சுக்கு நடுவே அவன் கேட்டது ஒன்றுதான்.

"என்ன எரிச்சுராத மேர். அம்மாகூடப் போட்டுரு."

அவளும் சரி என்று சொல்லிவிட்டாள். அப்போது அது லேசான காரியமாகத்தான் தெரிந்தது. அப்பாவின் சாம்பலை அவர் கேட்டபடியே மலையில் தூவியாயிற்று. அம்மா ஒல்வென் மட்டும் தன் அப்பா ஐசக் புரோதரோ வாங்கிய குழியில் இருக்கிறாள். ஐசக் காசு சேர்த்து வாங்கிய, ஒருவர் மேல் ஒருவராக நாலு ஆளை வைக்கும் ஆழத்துக்கு வெட்டிய குழி. பாட்டி, ஐசக், அம்மா என்று மூன்று பேர் ஆயிற்று. மேலே ஓர் ஆளுக்கு இடம் பாக்கி.

கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண் கணினியைப் பார்த்தபடி பொறுமையாக விளக்கினாள். பத்திரம் இன்னும் ஐசக் பெயரில் இருக்கிறது. அவருக்கு இரண்டு பிள்ளைகள், ஒல்வென், ட்யூடர். இரண்டு பேருடைய வாரிசுகளும் சம்மதித்தால்தான் குழியைத் திறக்க முடியும். ஒல்வெனின் வாரிசு மைர்வென். ட்யூடர் மாமாவின் வாரிசு அவருடைய ஒரே மகன் ஹைடன். அம்மாவைப் புதைத்தபோது இப்படி யாரும் கேட்கவில்லையே என்றாள் மைர்வென். அப்போது அந்த நாற்காலியில் இருந்தவருக்குக் குடும்பம் தெரிந்திருக்கும், இப்போது விதியைக் கறாராகப் பார்க்கிறார்கள் என்றாள் அந்தப் பெண். அடுத்த செவ்வாய்க்கிழமை அடக்கம் என்றால் வெள்ளி மதியத்துக்குள் தாள் வர வேண்டும், படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பினாலும் போதும். இல்லாவிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுத் தோட்டத்தில் தனிக் குழி தரலாம்.

தம்பியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் முன்பின் தெரியாதவர்களோடு விடுவதா? மைர்வென் படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவளுக்கு எழுபது நடக்கிறது. பதினேழு வயதில் துணி துவைக்கும் இயந்திரம் செய்யும் ஆலையில் சேர்ந்து, அதை மூடும் நாள்வரை முப்பத்தொரு வருஷம் கதவுக்கு ரப்பர் வளையம் மாட்டினாள். நடுவே ஒரு கல்யாணம், நாலு வருஷம் தாங்கியது. பிறகு எல்ஃபெட் இருந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். ஆலை மூடியபின் நூலகத்தில் திங்கள், வியாழன் காலைகளில் சம்பளமில்லாத வேலை. அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறவர்கள் ஒரு பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு அவள் முன்னால் உட்காருவார்கள். எல்லாம் ஜோன்ஸ், இல்லாவிட்டால் டேவிஸ். ஒரே தெருவில் ஐந்து ஜான் ஜோன்ஸ். அவள் முதலில் கேட்பது பட்டப்பெயரைத்தான். பால்காரரா, ஒற்றைக்கண்ணரா, கொம்பு ஊதினவரா என்று தெரிந்துவிட்டால் ஆள் சிக்கிவிடுவார். போன கோடையில் ஒரு கனடாக்காரரின் கொள்ளுத்தாத்தாவை, கிணற்றில் செருப்பைப் போட்டவர் என்ற பெயரை வைத்தே கண்டுபிடித்தாள். அவர் அழுதுவிட்டார். செருப்புக்காகவா என்று நெஸ்டா ஒரு மாதம் கேலி பண்ணிக்கொண்டிருந்தாள்.

தன் சொந்தக் குடும்பத்தில் அப்பா வழியை ஆறு தலைமுறைக்கு எழுதி வைத்திருக்கிறாள். அம்மா வழியில் ஐசக்கோடு நிறுத்திக்கொண்டாள். கீழே இறங்கினால் ஹைடன் வருவான்.

அந்தப் பெரிய ஸ்டிரைக் நடந்த வருஷம் எல்ஃபெட்டும் ஹைடனும் சுரங்கத்துக்குள் நிலக்கரி வெட்டும் ஒரே முகப்பில் பதினோரு வருஷம் சேர்ந்து வேலை செய்தவர்களாக இருந்தார்கள். மச்சான் மச்சான் என்று ஒரே டப்பாவில் சாப்பாடு. ஊர் முழுக்க ஒரு வருஷம் சம்பளமில்லாமல் கிடந்தது. சேப்பல் கூடத்தில் கஞ்சித்தொட்டி திறந்து மைர்வென் உருளைக்கிழங்கு உரித்தாள். ஸ்டிரைக் முடிய மூன்று வாரம் இருக்கும்போது, பிப்ரவரியில் ஒரு காலை, ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட பஸ்ஸில் ஹைடன் வேலைக்குப் போனான். கும்கெரிக் சுரங்கத்தில் அப்படிப் போனது இரண்டே பேர். வாசலில் நின்ற கூட்டம் கத்தியது. எல்ஃபெட் கத்தவில்லை. பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்து மற்றவர்களும் திரும்பி நின்றார்கள் என்றும், கத்தியதைவிட அதுதான் மோசமாக இருந்தது என்றும் பின்னால் சொன்னார்கள்.

ஹைடன் வீட்டுச் சுவரில் கருங்காலி என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. பால்காரர் அங்கே பால் போடுவதை நிறுத்தினார். சேப்பலில் அவன் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அவன் மனைவி கேரலுக்கு அப்போது ஐந்து மாதம். அதற்காகத்தான் போனான் என்றார்கள் சிலர். அந்த வருஷம் யார் வீட்டில் பிள்ளை இல்லை என்று கேட்டார்கள் மற்றவர்கள். கோடை முடிவதற்குள் இரண்டு பேரும் நாட்டிங்காம் பக்கம் போய்விட்டார்கள். குழந்தையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் யாரும் இல்லை.

சுரங்கம் மூடி, சக்கரக் கோபுரத்தை இடித்து, அந்த இடத்தில் சூப்பர் மார்க்கெட் வந்தும் எல்ஃபெட்டுக்கு ஸ்டிரைக் முடியவில்லை. ஹைடன் என்ற பெயர் வந்தால் எழுந்து அறையை விட்டுப் போவான். ட்யூடர் மாமா சாவுக்கும் அவன் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மைர்வென் இறப்புப் பதிவுகளைத் தேடினாள். நாட்டிங்காம் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு புரோதரோ இறந்திருந்தது உண்மைதான். கேரல் புரோதரோ, அறுபத்தேழு வயது. ஹைடன் இல்லை. வதந்தி ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

அவனைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் ஊரில் புரோதரோ என்று கூப்பிட்டால் பத்து பேர் திரும்புவார்கள். அங்கே அந்த வட்டாரத்துக்கே ஒரே ஒருத்தன். புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் ஒரு முதியவர் சங்கத்தின் அறிவிப்பில், செயலாளர் எச். புரோதரோ என்று தொலைபேசி எண்ணோடு போட்டிருந்தது. இருபது வருஷம் மற்றவர்களுக்காக மாதக்கணக்கில் தேடினவளுக்கு இது சப்பென்று இருந்தது. நாற்பது வருஷமாக அவன் ஒளிந்திருக்கவே இல்லை.

அன்றைக்கே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஒரு வேலையை முழுதாகச் செய்து பழகியவள். வாரிசு விவரத்தை உறுதி செய்ய, புதன்கிழமை கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் குழியின் பழைய பதிவேட்டைக் கேட்டாள். அந்தப் பெண் பெரிய தோல் அட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பாட்டி. ஐசக். அம்மா. ஐசக்குக்கும் அம்மாவுக்கும் நடுவே இன்னொரு வரி.

லவ்ரி புரோதரோ, ஐந்து நாள். 1985 ஜூன். தந்தை ஹைடன், சுரங்கத் தொழிலாளி. சம்மதம் கொடுத்தவர்கள்: டி. புரோதரோ. ஓ. பேனன்.

அம்மாவின் கையெழுத்து. ஓட்டத்தில் வலது பக்கம் சாய்கிற அதே ஓ.

மைர்வென் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டிரைக் முடிந்து மூன்று மாதம். ஊரில் அந்த வீட்டோடு பேசின யாருக்கும் தண்டனை இருந்த காலம். மேஜையில் எல்ஃபெட் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் அம்மாவுக்கு இது தெரியும். சின்னப் பெட்டி, நாலு ஆள் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. கல்லில் பெயர் இல்லை. வெட்டச் சொல்ல அம்மாவுக்கும் தைரியம் வந்திருக்காது.

"மேடம், உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"தெரியாதும்மா. ஊருக்கே வம்சம் சொல்றவ நான்."

வீட்டுக்கு நடந்து வரும்போது ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறுகள் ஞாபகத்துக்கு வந்தன. அந்த ஞாயிற்றுக்கு எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாக் குடும்பமும் வாளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு போய்க் கல்லைத் தேய்த்துக் கழுவி, பூ வைத்துவிட்டு வரும். அம்மா, எல்ஃபெட், மைர்வென் மூன்று பேரும் போகும்போது ஐசக்கின் கல்லடியில் ஏற்கெனவே ஒரு சின்னப் பூங்கொத்து இருக்கும். வெளிர்மஞ்சள் ப்ரிம்ரோஸ், வெள்ளைக் கம்பளி நூலில் கட்டியது. வருஷா வருஷம். பக்கத்துக் குழிக்காரர்கள் கண் தெரியாமல் இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று எல்ஃபெட் அதை எடுத்து, மரியாதையாக, பக்கத்துக் கல்லில் வைப்பான். இதழ் உதிராமல் இரண்டு கையாலும் எடுப்பான். அம்மா ஒருமுறை, விட்டுடேன்டா, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றாள். பாவம்மா, அவங்க செத்தவங்களுக்குப் பூ வேண்டாமா என்றான் அவன். வாசல்வரை வந்தபின் அம்மா வாளியை மறந்துவிட்டேன் என்று தனியாகத் திரும்பிப் போவாள். ஒவ்வொரு வருஷமும் மறப்பாள். வயதாகிவிட்டது என்று இவர்கள் சிரித்துக்கொள்வார்கள். அம்மா போனபின் கொத்தைத் திருப்பி வைக்க ஆள் இல்லை. கேரல் போனபின், இரண்டு வருஷமாகக் கொத்தே வரவில்லை.

வியாழன் நூலகத்தில் நெஸ்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நெஸ்டாவின் புருஷன் அந்த ஸ்டிரைக்கில் ஜெயிலுக்குப் போய் வந்தவர். பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, ஒரு கருங்காலி கையெழுத்துல எல்ஃபெட்டுக்குக் குழியா? பெட்டியத் தொறந்துக்கிட்டு எந்திரிச்சு உக்காந்துருவான்."

"எந்திரிச்சா நல்லதுதானே. கையெழுத்தே வேணாம்."

"வெளையாடாத. அவனக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கமே போடுன்னு சொல்லியிருப்பான். ஆனா அவன் எங்கிட்டக் கேட்டது அது இல்ல. அம்மாகூடன்னு கேட்டான். அம்மா அந்தப் பிள்ளையோட இருக்கா."

நெஸ்டாவின் பிஸ்கட் உடைந்து டீயில் விழுந்தது. அப்படியென்றால் போன் போட்டுக் கேட்கவேண்டியதுதானே, ஏன் இரண்டு நாளாக எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறாய் என்றாள்.

மைர்வென் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னாள். "இடம் ஒண்ணுதான்டி இருக்கு. பொண்டாட்டியும் போயிட்டா. பெத்த பிள்ளை பக்கத்துல படுக்கணும்னு அவன் நெனச்சு வச்சிருந்தா? அவனுக்கும் எனக்கும் பாத்யதை சரிசமம். நாப்பது வருஷமா முதுகக் காட்டினவனுக்காக உன் இடத்த விட்டுக்குடுன்னு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்கறது?"

எரித்த சாம்பல் என்றால் எந்தக் குழியிலும் இடம் கிடைக்கும், ஹைடனுக்கு அது சம்மதமாக இருக்கலாமே என்றாள் நெஸ்டா. மைர்வெனும் அதை யோசித்திருந்தாள். ஆனால் எல்ஃபெட்டுக்குத் தீ ஆகாது, அதனால் நீ எரிந்துகொள் என்று எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை காலை அடக்க ஏற்பாட்டுக்காரர் ஐவர் ரோசர் இரண்டு தடவை கூப்பிட்டார். அவசரப்படுத்தவில்லை, குழி வெட்டுகிறவர்களுக்கு எது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்றார். அலமாரியில் எல்ஃபெட்டுக்குப் போட வேண்டிய கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. துலக்கிய ஷூவை அதன் கீழே வைத்திருந்தாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு உறையின் பின்னால் எழுதிப் பார்த்தாள். ஹைடன், நான் மைர்வென், ஒல்வென் அத்தை மகள். அதற்குக் கீழே, எல்ஃபெட் இறந்துவிட்டான். அதற்குக் கீழே, லவ்ரி பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும், செலவு என்னுடையது. எழுதியபின்தான், அவனிடம் ஒரு தயவு கேட்கும் முன் இதைச் சொன்னால் பேரம் போலத் தெரியுமே என்று உறைத்தது. அதை அடித்தாள். கையெழுத்து கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பெயரை வெட்டத்தான் போகிறாள். அதற்கு யார் சம்மதமும் வாங்குகிற மாதிரி சொல்லக்கூடாது. கடைசியில் உறையில் நின்றது முதல் வரி மட்டும்.

பத்தேகால் ஆனது. முன்கூடத்தில் நின்றபடியே எண்ணை அழுத்தினாள். ஒவ்வொரு எண்ணாக, தாளைப் பார்த்து.

அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது. பந்து உருட்டப் போயிருப்பானோ என்று நினைத்தாள். மழை, போயிருக்கமாட்டான். எழுபத்திரண்டு வயது, நாற்காலியிலிருந்து எழ நேரம் பிடிக்கும். தூசி அவன் நெஞ்சிலும் இருக்குமே, எல்ஃபெட்டோடு பதினோரு வருஷம் ஒரே காற்றை இழுத்தவன் ஆயிற்றே. அவசரமில்லை, மெதுவாக வரட்டும். ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். மணி அடித்துக்கொண்டிருந்தது.