அடித்துவிட்ட சொல்

அலுவலகத்தில் அவருக்குக் ‘கத்தரி’ என்று பெயர். ஆங்கில அறிக்கைகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்புகிற வேலை. ‘வெரி’, ‘எக்ஸ்ட்ரீம்லி’, ‘டெரிப்ளி’ என்று எது வந்து ஒரு பெயரடையைத் தூக்கி நிறுத்தினாலும் மனுஷனுக்குப் பொறுக்காது, பேனா பாய்ந்துவிடும். “வெரி இம்பார்ட்டன்ட்டாம்! வெறும் இம்பார்ட்டன்ட்னா பத்தாதாமா?” என்று முணுமுணுப்பார். பக்கத்து மேசைக்காரர், “விட்டா கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளையையே வெட்டிடுவீங்க” என்பார். அந்தக் கேலியில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

மனைவிக்குக் கல்லீரல் செயலிழந்துவிட்டது. ஒரே மகன் சரக்குக் கப்பலில், நடுக்கடலில். கம்பெனி மனசு வைத்து மாற்று ஆளை ஏற்றினால்தான் அடுத்த துறைமுகத்தில் அவன் இறங்க முடியும். அதற்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத வேண்டும்.

“‘கிரிட்டிக்கலி இல்’, உயிருக்கு ஆபத்தான நிலைன்னு போடுங்க சார். அதிக நாள் இல்ல” என்றார் டாக்டர்.

அப்படியே தட்டினார். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்தார். அங்கேதான் வந்தது வினை. ஆயுசு முழுக்க அடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? ‘கிரிட்டிக்கலி’யை அழித்துவிட்டது. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்ற அளவில் வாக்கியம் சுத்தமாக நின்றது. பாவி மனுஷன், அதைப் பார்த்துத் திருப்தி வேறு பட்டுக்கொண்டார்!

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அம்மா சீக்கிரம் குணமடைய வாழ்த்துகளாம், பயணம் முடிந்ததும் மகனுக்கு விடுப்பாம். அடித்துப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுதினார், டாக்டர் சான்றிதழையும் சேர்த்து அனுப்பினார். அதற்குள் கப்பல் அந்தத் துறைமுகத்தைத் தாண்டிப் போயிருந்தது.

மகன் வந்து சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது. தோள் பையைக்கூட இறக்காமல் நின்றான்.

“முதல் லெட்டர்லயே சொல்லியிருக்கலாமேப்பா.”

“எழுதினேன்டா. நானேதான் அடிச்சிட்டேன்.”

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். கட்டில் ஓரமாக உட்கார்ந்து, “அம்மா என்னைக் கேட்டாங்களா?” என்றான்.

“கேட்டா.” அதோடு நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. “ரொம்பக் கேட்டாடா. ரொம்ப, ரொம்ப... கதவு சத்தம் கேட்டாலே நீதான்னு எந்திரிக்கப் பாத்தா” என்று மகன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.